களத்தோடு சேர்த்த விலை

வாழவந்தியில் பெரியண்ணன் வீட்டை யாரும் வீடென்று சொல்லி அடையாளம் காட்டியதில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே கை காட்டி, "அந்தா தெரியுது பாருங்க களம், அதுதான்" என்பார்கள். சரிவில் ஒட்டிவைத்த தபால்தலை மாதிரி அந்த சிமென்ட் களம் ரோட்டிலிருந்தே தெரியும். அதன் ஓரத்தில் வீடு ஒதுங்கி நிற்கும். இரண்டு அறை, ஓடு போட்ட சமையல்கட்டு, பின்னால் சேர்த்துக் கட்டிய, மட்டக்கூரை போட்ட தார்சு அறை ஒன்று. எல்லாம் சேர்த்து அறுநூற்று இருபது சதுர அடி. களம் ஆயிரத்து நானூற்று எண்பது.

இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. பட்டா, சாதிச் சான்று, ஆதார் திருத்தம், கரண்ட் பில். பெரியண்ணன் வீட்டுக்கு இரண்டு வரப்பு கீழே எங்கள் வீடு. அவரை மாமா என்றும் அவர் மனைவி ராசாத்தியை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன். அவர் வீட்டின் அளவைக் கணினியில் தட்டியவனும் நான்தான்.

மலையில் காப்பி வைத்திருப்பவர்களுக்குப் பழம் காயவைக்கிற களம் என்பது வீட்டோடு சேர்த்தி. களம் இல்லாதவன் பழத்தைப் பறித்து அடுத்தவன் களத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று பங்கு கொடுக்க வேண்டும். திடீரென்று மழை வந்தால் களத்துக்காரன் முதலில் தன் காப்பியைத்தான் மூடுவான். அதில் அவன்மேல் தப்பும் சொல்ல முடியாது. பெண் கொடுக்கிற இடத்தில் ஊடு எத்தனை அறை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். களம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

பெரியண்ணனுக்குப் பெண் கொடுத்தபோது களம் இல்லை. சாப்பாட்டுப் பந்தியிலேயே மாமனார் அதைச் சொல்லிக் காட்டினாராம். எம்மவ மண்ணுல காயப்போட்டு மண்ணோட சேத்து அள்ளோணும் என்றாராம். அதற்குப் பிறகு பெரியண்ணன் ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் ஒரு பட்டை களம் போட்டார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பத்து மூன்று படி. சிமென்ட் மூட்டையையும் மணலையும் அவர்தான் சுமந்தார், ராசாத்தி அத்தை தண்ணீர் சுமந்தாள். ஏழு வருஷம், ஏழு பட்டை. வெயில் சாயும்போது பார்த்தால் ஏழும் ஏழு நிறமாகத் தெரியும்.

அவருக்கு எஸ்டேட்டில் பல்ப்பர் வேலை. பழத்தின் தோலை உரிக்கிற மிஷினை முப்பது வருஷம் ஓட்டினார். வலது கையில் சுண்டுவிரலில் பாதியை அந்த மிஷின் எடுத்துக்கொண்டது. சொந்தமாக ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான காப்பி, நடுவில் மிளகு ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள். குள்ளமான ஆள். நிறையப் பேசமாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்துப் பேசுவார்.

போன் அவருக்கு ஒரு முறை நல்லது செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பல வருஷமாக ஒரே வியாபாரியிடம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவன் சொன்னதுதான் விலை. மகள் கீர்த்திகா கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போகும்முன் ஒரு போனை வாங்கிக் கொடுத்து, தினமும் காப்பி விலை வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள். அந்த வருஷம் வியாபாரி வந்து விலை சொன்னதும் இவர் போனை எடுத்து நீட்டினார். வியாபாரி அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், கிலோவுக்கு நாற்பத்தைந்து ரூபாய் ஏற்றிக் கொடுத்தான். டீக்கடையில் பெரியண்ணன் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்றால் இது ஒன்றுதான். அன்றிலிருந்து போனில் வருகிற விலை அவருக்கு ஊர் நடுவில் நட்ட கல் மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராசாத்தி அத்தைக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. குளிரில் நின்றதால் என்று நினைத்தார்கள். அப்புறம் முகம். சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். முதலில் வாரம் இரண்டு நாள், பிறகு மூன்று நாள், மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஊசி குத்த வசதியாக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காது வைத்தால் மழைநாளில் ஓடை இரைகிற மாதிரி கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வா கண்ணு, அத்தை கையில பஸ்ஸு ஓடுது கேளு" என்று கையை நீட்டுவாள்.

காலை ஐந்தே முக்காலுக்கு வாழவந்தியிலிருந்து பஸ். ஏற்காட்டில் இறங்கி சேலம் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போதாவது பரவாயில்லை. நான்கு மணி நேரம் மிஷினில் கிடந்துவிட்டு ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கிப்போய், மூன்றாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். கண்டக்டர்கள் அவளுக்கென்று ஜன்னல் சீட் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பார்கள். பஸ் விட்டு இறங்கியதும் நாற்பத்து மூன்று படி. அதை ஐந்து நிமிஷத்தில் ஏறிக்கொண்டிருந்தவள் அரை மணி, முக்கால் மணி என்று எடுத்துக்கொண்டாள்.

கீழே வந்து தங்கிவிடுங்கள், இப்படி ஏறி இறங்கினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். அடிவாரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு மாதம் ஆனதும் வீட்டுக்காரர் வந்து, தப்பா நினைச்சுக்காதீங்க என்று ஆரம்பித்தார். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தாள். வீட்டில் ஏதாவது ஒன்று ஆகிப்போனால் அந்த வீட்டில் அவர் விசேஷம் வைக்க முடியாது. 'ஏதாவது ஒன்று' என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பாத்திரங்களை அதே சாக்கில் கட்டிக்கொண்டு மேலே வந்தார்கள்.

அதன் பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அடிவாரத்திலேயே ஒரு கொத்தனாரின் இரண்டு அறை வீடு விலைக்கு வந்தது. இருபத்து இரண்டு லட்சம். சமதரை. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். காப்பி நிலத்தை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை; மலை வீட்டை விற்றால்தான் அது முடியும். அப்பா காலத்துப் பட்டா, வில்லங்கம் எதுவுமில்லை. விற்றாக வேண்டும், அதுவும் அத்தையின் உடம்பில் தெம்பு இருக்கும்போதே விற்றாக வேண்டும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் சென்டருக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வாழவந்தி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம். அத்தை வெளிப் பெஞ்சில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். மாமா உள்ளே வந்து, காப்பிக்கு மாதிரி ஊட்டுக்கும் வெல சொல்றாங்களாமே என்றார். ஜீப் ஓட்டுகிற ஜீவா சொல்லியிருக்கிறான். வீடு விற்றுக்கொடுக்கிற இணையதளம் ஒன்றைத் திறந்தேன். விவரம் கொடுத்தால் மதிப்பு சொல்லும். காசு கிடையாது.

ஊர் என்ற இடத்தில் ஏற்காடு என்று போட்டேன். வாழவந்தி அதன் பட்டியலிலேயே இல்லை. ஏரிக்கரைப் பங்களாவும் எங்கள் சரிவும் அதற்கு ஒன்றுதான். கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டது. ரோட்டில் நிறுத்தலாமே என்றார். ஆமாம் என்று போட்டேன். படி எத்தனை என்று அது கேட்கவில்லை. கட்டடத்தின் அளவு கேட்டது.

"ரெண்டாயிரத்து நூறு" என்றார் யோசிக்காமல்.

நான் விரலை நிறுத்தினேன். "களமும் சேத்துங்களா மாமா?"

"பின்ன? களத்த உட்டுட்டு ஊடு ஏது சாமி?"

கூரைக்குக் கீழே இருப்பதைத்தான் அது கேட்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அந்த எண்ணைச் சொன்ன விதத்தில் ஏழு வருஷத்து மூட்டை இருந்தது. வெளியே அத்தை இருமினாள். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். தட்டினேன்.

எழுபத்தாறு லட்சத்திலிருந்து எண்பத்து நான்கு லட்சம் வரை என்று வந்தது. பச்சை நிறத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய ஒரு அம்புக்குறியோடு. கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அவர் அந்தப் பொடி எழுத்தின் மேல் பாதி விரலை வைத்து, இது என்ன என்றார். இது தோராயம் மட்டுமே, உண்மை விலை மாறலாம், இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இங்கிலீஷில் இருந்தது.

"சும்மா, எல்லாத்துலயும் போடறதுங்க" என்றேன்.

அவர் எண்பத்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார். வெளியே போய் அத்தையிடம் குனிந்து காதில் சொன்னார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு, யாருமில்லாத நேரத்தில், அறுநூற்று இருபது என்று போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம் என்றது. பக்கத்தை மூடிவிட்டேன்.

ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடைச் சித்தன் அவரைக் கண்டதும், "எம்பத்திநாலு வர்றாரு, பெஞ்சத் தொடைங்கடா" என்பான். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். சிலருக்குப் பொறாமையும் இருந்தது. அவரூடு எம்பத்திநாலுன்னா எங்கூடு என்னத்துக்குக் கொறைச்சல் என்று மூன்று பேர் என்னிடம் வந்து போட்டுப் பார்த்தார்கள். மூன்று பேரும் களத்தைச் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

ஆனி மாதம் தனபால் வந்தார். ஏற்காடு டவுனில் லாட்ஜ் வைத்திருப்பவர், பூர்வீகம் சேலம். ஆட்களைத் தங்கவைக்க மலைச்சரிவில் அமைதியான வீடு ஒன்று தேடிக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வழிகாட்ட நான் கூடப் போனேன். நாற்பத்து மூன்று படியையும் ஏறி முடித்து, முழங்காலில் கையூன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு களத்து விளிம்பில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்தார். மேகம் கீழே, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. அத்தை வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சுற்றிப் பேசவில்லை. முப்பத்து நான்கு லட்சம், நாற்பது நாளில் பத்திரம் என்றார்.

பெரியண்ணன் போனை எடுத்து நீட்டினார், வியாபாரியிடம் நீட்டிய மாதிரியே.

தனபால் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "களத்துல எவனுங்க வந்து படுப்பான்? அறையைத்தானுங்க நா வாடகைக்கு உட முடியும். இந்தப் பள்ளம் தெரியுது பாருங்க, அதுக்குத்தான் முப்பத்திநாலு. இல்லீன்னா இருவத்தஞ்சுக்கு மேல பேசமாட்டேனுங்க."

"காப்பிக்குச் சொன்ன வெல பொய்யில்லீங்க. ஊட்டுக்கு மட்டும் போனு பொய் சொல்லுமா?"

"ஏனுங்க, காப்பி தெனம் ஆயிரம் மூட்டை விக்குது. வித்த வெலையப் பாத்துச் சொல்றான். உங்கூடு மாதிரி இன்னொரு ஊடு இந்த மலையில எங்கீங்க வித்துச்சு? எதைப் பாத்துச் சொல்லுவான்?"

பெரியண்ணன் என் பக்கம் திரும்பினார். "சாமி, நீதான போட்ட. கம்ப்யூட்டரு என்ன சொல்லுச்சுன்னு அவருகிட்டச் சொல்லு."

"எம்பத்தி நாலுங்க" என்றேன். அது சொன்னது அதுதான். பொய்யில்லை.

தனபால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்தவன் வியாபாரத்தில் அதற்குமேல் அவர் தலையிடவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே அத்தை, "குடுத்தர்லாமுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். நீ சும்மா இரு என்றார் மாமா. அம்பது லச்சத்தை உட்டுப்போட்டுக் கீழ போயி என்ன பண்றது, உனக்கு மாத்து கிட்னி வெக்கறதுன்னாலும் அதுலதான் வெக்கோணும் என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் பேராசைப்பட்டார் என்று பின்னால் ஊர் சொன்னபோதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம்தான் ஞாபகம் வரும்.

ஆடி போயிற்று. ஆவணியில் பெங்களூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பள்ளத்தை முன்னால் வைத்து நிறையப் படம் எடுத்தார்கள். அத்தை அறுத்துக் கொடுத்த பலாச்சுளையைச் சாப்பிட்டார்கள். கார் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். போனார்கள். சேலத்துப் புரோக்கர் ஒருவன் பதினெட்டாவது படியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்தே திரும்பினான். வீட்டை விற்பனைக்குப் போட்டிருந்த இணையதளத்திலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு முறை கூப்பிட்டாள். பணம் கட்டினால் உங்கள் வீட்டை முதல் பக்கத்தில் காட்டுவோம் என்பாள். அவளிடம் பெரியண்ணன் ஒவ்வொரு முறையும் அத்தையின் உடம்பைப் பற்றிச் சொன்னார். புரட்டாசியில் தனபால் நாகலூர் பக்கம் வேறு வீடு ஒன்றை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி போனுக்கு ஒரு தகவல் வரும். உங்கள் வீட்டின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. எண்பத்து நான்கரை. எண்பத்து ஐந்து. அவர் அதை அத்தைக்குப் படித்துக் காட்டுவார். அவள் அப்போது டாக்டர் அளந்து சொன்ன கால் லிட்டர் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரின் உட்புறத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை அடித்தது. மலைப்பாதையில் மூன்று இடத்தில் மண் சரிந்து, ஒரு இடத்தில் பாதி ரோடே போய்விட்டது. பஸ் நின்றது. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்குகிற ரோட்டில் டூவீலரை மட்டும் விட்டார்கள். ஒரு தடவை டயாலிசிஸ் தவறியது. அத்தையின் முகம் பூசணி மாதிரி ஆனது. படுத்தால் மூச்சு வராமல் உட்கார்ந்தபடியே கிடந்தாள். மறுநாள் காலை மாமா அவளைத் தன் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, நழுவிவிடாமல் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மேலே மழைக்குச் சாக்குத்தாள். படியில் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டி முடித்ததும் அவள் சொன்னாள், "தாலி கட்டறப்பக்கூட இத்தன முடிச்சுப் போடல இந்த மனுசன்." எல்லோரும் சிரித்தோம். வண்டி கிளம்பியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்று பத்தாம் தேதி. சாயங்காலம் திரும்பி வந்து அவளைப் படுக்கவைத்த பிறகு மாமா என் வீட்டுக்கு இறங்கி வந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உங்கள் வீட்டின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. எண்பத்து ஆறு லட்சம்.

"ரோடே இல்லாத மலைக்கு வெல ஏறுதா சாமி?" என்றார்.

கோபமில்லை. தெரியாமல் கேட்கிற குரல். அப்போது சொன்னேன். அது மலையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை, நாம் கொடுத்த அளவை மட்டும் வைத்துப் பெருக்குகிறது என்று. களத்தை அது அறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று. களம் இல்லாமல் போட்டால் இருபத்து ஐந்துகூட வராது, தனபால் சொன்னது அதைவிட ஒன்பது லட்சம் கூடுதல் என்று.

"அப்பவே தெரியுமா?"

"தெரியுங்க மாமா."

என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். மழையில் அவருடைய டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு படியிலும் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தனபாலின் லாட்ஜுக்குப் போனோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமா, அந்த முப்பத்திநாலுக்கே குடுத்தர்றனுங்க என்றார். தனபால் எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். கையிலிருந்த பணத்தை இன்னொரு வீட்டில் போட்டாயிற்று, இப்போது ரோடும் போய்விட்டது, ஆனாலும் இருபத்து ஏழு கொடுக்கிறேன் என்றார். சரிங்க என்றார் மாமா, அவர் சொல்லி முடிக்கும் முன்பே. அடிவாரத்து வீட்டுக்கு இருபத்து இரண்டு போதும். கொத்தனாருக்குப் போன் போட்டோம். வீடு இன்னும் இருந்தது. அதுவரை எல்லாமே கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

பணம் புரள எப்படியும் பத்து பன்னிரண்டு நாள் ஆகும் என்று தனபால் கணக்குப் போட்டார். அதற்குள் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில எங்க ஊட்டுல பத்திரம் போடமாட்டோமுங்க, முன்பணமும் கைமாறக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க என்றார். தை பிறந்த ரெண்டாம் நாள் நல்ல முகூர்த்தம். பெரியண்ணன் தலையாட்டினார். அவரே மார்கழியில் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்காதவர். நானும் தலையாட்டினேன். ஒரு மாசந்தான என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினோம்.

மார்கழி ஆறாம் தேதி பஸ் ஓட ஆரம்பித்தது. காப்பி அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது. ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் அத்தை களத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்கு எட்டுகிற வட்டத்துக்குள் இருந்த பழத்தை மட்டும் புரட்டிப் போட்டாள். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கூப்பிட்டாள். மாமா எல்லாம் சொல்லிவிட்டார் என்றாள். 

"நீ சின்னப் பையன் கண்ணு. அவருக்கு ஆசையா இருந்துச்சு, நீ கெடுக்க வேண்டாம்னு உட்டுட்ட. எனக்குந்தான் தெரியும், களத்துக்கு எவன் பணங் குடுப்பான்னு. நானும் ஒருக்காத்தான சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லலியே."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் பழத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

மார்கழி பத்தொன்பது. ஐந்தே முக்கால் பஸ். ஏற்காட்டில் மாறி ஏறியதும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். மார்கழி பிறந்ததிலிருந்து இறங்கும்போதும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள், அன்று எடுக்கவில்லை. அவருக்கு அது நல்லதாகப் பட்டிருக்கிறது. எந்த வளைவில் என்று அவருக்குத் தெரியாது. அடிவாரத்தில் பஸ் நின்றபோது வாய் நனைக்க எழுப்பினார். எழவில்லை. இடது கையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸிலிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர்தான் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டார். அந்த ஆம்புலன்ஸிலேயே மேலே கொண்டுவந்தார்கள். இருபது வளைவு. நாற்பத்து மூன்று படி ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது.

தை இரண்டாம் தேதி தனபால் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, பேச்சு பேச்சுதான், நீங்கள் எப்போது சொல்கிறீர்களோ அப்போது என்றார். இனி எதுக்குங்க என்றார் மாமா. அவருக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகமாகிவிட்டது போல. தனபால் அதை முழுதும் குடித்தார்.

அந்த வாரம் மாமா சென்டருக்கு வந்தார். அந்தப் பெண் இன்னும் கூப்பிடுகிறாளாம், முதல் பக்கத்தில் போடட்டுமா என்று. அதிலிருந்து வீட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுப்பதற்குக் காரணம் கேட்டது. படித்துக் காட்டினேன். விற்றுவிட்டேன். விலை ஒத்துவரவில்லை. இப்போதைக்கு விற்கும் எண்ணமில்லை. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"வித்தாச்சுன்னு போடு. இல்லீன்னா அந்தப் புள்ள கூப்புட்டுட்டே இருக்கும்" என்றார்.

போட்டேன். அடுத்து, என்ன விலைக்கு விற்றது என்று கேட்டது. அதை நிரப்பாமல் மேலே போக விடவில்லை.

"எம்பத்தி நாலுன்னே போட்டர்றா சாமி. அதுவா சொன்னதுதான."

விரல் விசையின் மேல் இருந்தது. "வேண்டாங்க மாமா" என்றேன். "இத வெச்சுத்தான் அடுத்தவங்களுக்குச் சொல்லும். நாளைக்கு நம்மூர்ல இன்னொருத்தர் வந்து கேட்டா, ஏற்காட்டுல ஒரு ஊடு எம்பத்திநாலுக்கு வித்துருக்குதுன்னு காட்டும்."

அவர் திரையைப் பார்த்தார். பின்னால் வரிசையில் சித்தனின் மகள் ரேஷன் அட்டையோடு நின்றிருந்தாள். அவர் அவளுக்கு வழி விடுகிற மாதிரி ஒரு அடி நகர்ந்து, பிறகு திரும்ப வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தி நாலுன்னு போடு" என்றார். "அதுதான் வெல."

தட்டினேன். நன்றி என்று வந்தது. உங்கள் வீடு விற்றதற்கு வாழ்த்துக்கள் என்றும் வந்தது. அதை நான் படித்துக் காட்டவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வாழவந்தி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.